பாஸ்டரின் கால்கள்

இதையெல்லாம் நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே சந்தேகம். அன்று மழை பெய்ததாக என் மனத்தில் இருக்கிறது. எங்கள் தோட்டத்துக் குணவதியோ வெயில் கொளுத்தியது என்கிறாள். காளிதாசன் சொன்ன வார்த்தைகளை மட்டும் இதுவரை யாரும் மாற்றிச் சொல்லவில்லை. அந்தத் தைரியத்தில் மற்றதையும் சொல்லிவிடுகிறேன்.

கோலா கெத்தில் ஊர்த் தமிழ்ச் சபையின் பாஸ்டர் சுகுமாரனுக்கு மனைவி திலகம். பள்ளிக்கூட ஆசிரியை. கொரோனாவில் ஆலயம் பூட்டிக் கிடந்தபோது சுகுமாரன் ‘மேய்ப்பர் பாலம்’ என்ற இணைய வகுப்பில் சேர்ந்தார். ஆலயத்தைத் திறந்த பிறகும் அவர் அதைவிட்டு வெளியே வரவில்லை. ஜித்ராவிலிருந்து ஜொகூர் வரை இருக்கும் போதகர்கள் அதில் கூடுவார்கள். ஒருவர் பேசி முடித்தால் மற்றவர்கள் கைதட்டும் படம் அனுப்ப வேண்டும். நாளைக்கு அவர்கள் பேசும்போது இவர் திருப்பி அனுப்புவார். திலகத்துக்கு அது கல்யாண வீட்டு மொய்யாகத்தான் தெரிந்தது.

சுகுமாரன் மேசைக்குப் பின்னால் ஒரு புத்தக அலமாரியை நகர்த்தி வைத்துக்கொண்டார். அதிலிருந்து அவர் ஒரு புத்தகத்தை எடுத்துத் திலகம் பார்த்ததில்லை. வகுப்பு நேரத்தில் இடுப்புக்கு மேலே கோட்டும் டையும் இருக்கும். கீழே கட்டம் போட்ட கைலி. படிப்பவராகச் சேர்ந்தவர் விரைவிலேயே பிற போதகர்களுக்கு வழிகாட்டியாகிவிட்டார். சபையில் யார் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பது திலகத்துக்குத்தான் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை காலை சுகுமாரன் டை கட்டிக்கொண்டிருந்தபோது குணவதி கூப்பிட்டாள். அவள் புருஷன் காளிதாசன் செம்பனை எண்ணெய் ஆலையில் லோரி ஓட்டியவர். இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி அவருடைய ஒரு காலை வாங்கி, மறு வருஷம் அடுத்ததையும் வாங்கியிருந்தது.

“அக்கா, சாப்பாட்ட நிறுத்திட்டாரு. ஆஸ்பத்திரியிலயும் வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்க. பாஸ்டர் வந்து திருவிருந்து குடுத்தா போதும்ங்கறாரு. வேற ஒண்ணும் கேக்கல.”

“வருவாருமா. நான் கூட்டிட்டு வரேன்” என்று திலகம் வாக்குக் கொடுத்துவிட்டாள். அந்தச் சபையில் பட்டம் பெற்ற போதகர்தான் திருவிருந்தின் அப்பத்தையும் பாத்திரத்தையும் கொடுக்க வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது.

“இன்னிக்கா?” என்றார் சுகுமாரன். “பத்து மணிக்கு என் செஷன்லா. ‘நோயாளியின் அருகில் மேய்ப்பர்.’ எத்தன பேரு பதிஞ்சிருக்காங்க தெரியுமா?”

“காடியில போனா இருபது நிமிஷம்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. “நீ போ. திராட்ச ரசத்துக்கு ரிபேனாவும் அப்பத்துக்குப் பிஸ்கட்டும் எடுத்துக்க. நான் சூம்லயே குடுத்துடறேன். லோக்டவுன்ல குடுக்கலயா? எல்லாரும் நேர்ல பாத்த மாதிரி இருக்கும். நல்ல எக்ஸாம்பிள்.”

திலகம் இரண்டையும் எடுத்துப் பையில் போட்டாள். அவள் வாதாடாததைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது அவருக்குப் பழகிவிட்டிருந்தது.

செம்பனைத் தோட்டத்து வீட்டின் முன்னறையில், மெத்தைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் காளிதாசன். திலகம் கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு போதகர். நடுவில் சுகுமாரன்.

“பிரதர் காளிதாசன், ஸ்தோத்திரம். நம்ம சுத்தி எத்தன ஊழியக்காரங்க இருக்காங்க பாருங்க.”

காளிதாசன் பார்த்தார். கட்டங்களிலிருந்து சிவப்பு இதயங்கள் மேலே மிதந்து போயின.

“பிரதர், ஏதாச்சும் பேசுங்க. மியூட்ல இருக்கீங்களா?”

“நான் சும்மாதான் இருக்கேன்” என்றார் காளிதாசன். பிறகு திலகத்தின் பக்கம் திரும்பினார். “டீச்சர், பாஸ்டருக்கு நெஞ்சுக்கு மேலதான் தெரியுது.”

“உக்காந்திருக்காரு.”

“உக்காந்தே இருக்காரா?” அவர் தன் போர்வை சப்பையாகப் படிந்திருந்த இடத்தைத் தடவினார். “எப்ப எடுத்தாங்க? எனக்கு யாரும் சொல்லலியே. பாவம், சின்ன வயசு.”

குணவதி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று திலகத்துக்குத் தெரியவில்லை. காளிதாசன் கையை உயர்த்தி, திரைக்கு நேரே ஆசீர்வதிப்பதுபோல் பிடித்து ஜெபிக்கத் தொடங்கிவிட்டார். “ஆண்டவரே, எனக்குக் குடுக்காட்டியும் பரவால்ல. எங்க பாஸ்டருக்குக் காலக் குடு. அவரு எந்திரிச்சு நடக்கணும். நாலு வீடு போகணும்.”

“ஆமென்” என்றார்கள் கட்டங்களில் இருந்தவர்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் சுங்கை பட்டாணி ஊர்க்காரர். அந்த வீட்டுக்கு அவரும் பக்கம்தான். இதயங்கள் முன்பைவிட அதிகமாகப் பறந்தன. இல்லை, என் கால்கள் நன்றாக இருக்கின்றன என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று சுகுமாரனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். “நெட் சரியில்ல” என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார்.

திலகம் அழைப்பைத் துண்டித்தாள். சாயந்திரம் வருவதாகச் சுகுமாரன் செய்தி அனுப்பினார். சாயந்திரம், அன்றைய வகுப்பைப் பற்றிய கருத்துப் பரிமாற்றம் நீண்டுகொண்டிருப்பதாக இன்னொன்று. அவள் வீட்டுக்குப் போகாமல் குணவதியோடு உட்கார்ந்திருந்தாள். வெளியே செம்பனை ஏற்றிய லோரி போகும்போதெல்லாம் காளிதாசன் கண்ணைத் திறந்தார். அவருடைய மூச்சு வேறு மாதிரி கேட்கத் தொடங்கியது.

“டீச்சர், பாஸ்டருக்கு இன்னும் கால் வரலியா?”

அவர் நம்பித்தான் கேட்டாரா, குத்திக் காட்டினாரா என்று திலகம் அவர் முகத்தில் தேடினாள். எதுவும் தெரியவில்லை.

“வரலண்ணே” என்றாள்.

“அப்ப நீங்கதான் குடுக்கணும். முடியாதவருக்குப் பதிலா வீட்டுக்காரங்க செய்யலாம். தப்பில்ல.”

அவள் பிஸ்கட்டைப் பிட்டாள். ரிபேனாவைச் சின்னக் கிளாசில் ஊற்றினாள். ஞாயிறுதோறும் கேட்டுக் கேட்டு மனப்பாடமான வார்த்தைகள், தடங்கலின்றி வந்தன. அவர் ஒரு மிடறு குடித்தார். “இனிப்பு ஜாஸ்தி. டாக்டர் ஏசுவாரு” என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். விடிவதற்குள் போய்விட்டார்.

அடக்கத்துக்குச் சுகுமாரன் முழுக்கால் சட்டையோடு வந்து இறங்கினார். காளிதாசன் செய்த ஜெபம் அதற்குள் தோட்டம் முழுக்கப் பரவியிருந்தது. சனம் முழுவதும் அவர் இடுப்புக்குக் கீழேயே பார்த்தது. பக்கத்து வீட்டு முனியாண்டி ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

“உக்காருங்க பாஸ்டர். நிக்காதீங்க. இப்ப எப்படி இருக்கு?”

சுகுமாரன் திலகத்தைப் பார்த்தார். அவள் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆண்டவர் கிருபை, இப்ப பரவால்ல” என்று சொல்லி அவர் உட்கார்ந்தார்.

குணவதி கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போகிறாள். முனியாண்டி மகனோடு செர்டாங்கில் இருக்கிறார். சுகுமாரன் இப்போது மேய்ப்பர் பாலத்தின் வடமாநிலப் பொறுப்பாளர். தம் கால்கள் சுகமான சாட்சியை மாதம் ஒருமுறை சொல்கிறார், அதற்குத்தான் இதயங்கள் அதிகம். திலகம் மாற்றல் கேட்டு ஜித்ராவுக்குப் போய்விட்டாள். சுகுமாரன் வெள்ளிக்கிழமைகளில் அவளோடு சூமில் பேசுகிறார்.