நாலாவது மாடிக் கதவின் பச்சை விளக்கு

என் மகள் வேலை பார்க்கும் கம்பெனியில் நானும் பதினொரு வாரம் வேலை பார்த்தேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. அட்டை இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது.

பெரிய கம்பெனி. மூன்று வேளையும் சாப்பாடு, முதுகு கேட்கிற பக்கமெல்லாம் வளைகிற நாற்காலி, என் முட்டிக்குக்கூட அவர்கள் செலவில் வைத்தியம். ஒரே ஒரு குறை. யாரையாவது வேலையிலிருந்து தூக்கினால் வாயால் சொல்ல மாட்டார்கள். காலையில் கதவில் அட்டையைக் காட்டினால் சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். மகள் தினமும் பச்சையைப் பார்த்த பிறகே மூச்சு விடுவாள். இரண்டு பிள்ளைகள், என் முட்டி என்று மூன்று பேர் அந்த அட்டையை நம்பி இருந்தோம்.

ஒருநாள் அவள் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனாள். கொண்டுபோனேன். வாசல் காவலாளி ஒரு மெஷினைத் தட்டி எனக்கு அட்டை எடுத்துக் கொடுத்தார். ‘விருந்தினர்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ஊழியர், நாலாவது மாடி’ என்று இருந்தது. தப்பு என்று காட்டினேன்.

“மெஷின் தப்பு பண்ணாது சார்,” என்றார்.

மேலே போய் மகளின் மேஜையைத் தேடுவதற்குள் யாரோ என்னை ஒரு மீட்டிங்கில் உட்கார வைத்துவிட்டார்கள். சுவர் முழுக்க அம்புக்குறிகள். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “இது எதுக்கு?” என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் அந்தத் திட்டத்தையே இழுத்து மூடிவிட்டார்கள். தலைமையகம் வேவு பார்க்க அனுப்பிய ஆள் நான்தான் என்று பேச்சு கிளம்பியது.

மறுநாளும் மீட்டிங்குக்கு வரச் சொன்னார்கள், போனேன். அன்று முதல் நான் லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் படியில் இறங்கினார்கள். மகள் மட்டும் காபி மெஷின் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தாள்.

“அப்பா, மரியாதையா வீட்டுக்குப் போங்க.”

போயிருப்பேன். அவள் என்னிடம் பேசியதை நாலு பேர் பார்த்துவிட்டார்கள். நான் மறைந்தால் சந்தேகம் அவள் மேல் விழும். ஆகவே இருந்தேன். எதைக் கேட்டாலும் “ம்” என்றேன். ஆறாவது வாரம் என்னை மேனேஜராக்கி ஜன்னல் வைத்த அறை கொடுத்தார்கள்.

பதினோராவது வாரம் திரையில் ஒரு பட்டியல் வந்தது. நாலாவது மாடியில் ஒருவரை வேலையிலிருந்து தூக்க வேண்டுமாம். பெயரைத் தொட வேண்டுமாம். தொடாவிட்டால் ஐந்து மணிக்கு முதல் பெயர் தானாகப் போய்விடும். முதல் பெயர் மகளுடையது. கீழே இன்னும் ஆறு பேர். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு முட்டி இருக்கும். பட்டியலின் கடைசியில் என் பெயர் இருந்தது. தொட்டேன்.

மறுநாள் காலை அவளுக்குப் பச்சை, எனக்குச் சிவப்பு. காவலாளியிடம் காட்டினேன். அவர் பழைய பதிலையே சொன்னார்.

சாயங்காலம் மகள் தோள் பையைக்கூட இறக்காமல் கேட்டாள். “மேனேஜருக்கு வர்ற லிஸ்ட்ல என் பேரு இருந்துச்சா?”

“இல்லையே.”

“பின்ன நீங்க ஏன் போனீங்க?”

“சாப்பாட்டுல உப்பு கம்மி.”

அவள் என்னையே பார்த்தாள். பதினொரு வாரமும் நாலாவது மாடி என்னைப் பார்த்த அதே பார்வை. பிறகு தன் அட்டையை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

“ம்,” என்றாள்.