ஒழுகும் இடது பின் ஷாக்

அந்த வீட்டில் சாப்பாட்டு மேஜை என்று ஒன்று இருந்தது. அதில் சாப்பிடத்தான் இடமில்லை. ஒரு முனையில் சக்கரம் கழற்றிய ரிமோட் கார் மல்லாந்து கிடந்தது. மறுமுனையில் சிலிகான் எண்ணெய்ப் புட்டிகள் நின்றன. நடுவில் ஸ்பிரிங்குகளும் ரப்பர் வளையங்களும் இறைந்து கிடந்தன. வீட்டுக்காரி தட்டைக் கையில் ஏந்தி, சமையலறை மேடையில் சாய்ந்து நின்று சாப்பிடப் பழகி ரொம்ப நாளாகிவிட்டது. துணிக்கடையில் பொழுதெல்லாம் நின்று வேலை பார்க்கிறவள், வீட்டுக்கு வந்தும் நின்றபடியே சாப்பிட வேண்டும் என்று அவள் தலையில் எழுதியிருந்தது போலும்.

அவள் புருஷன் தணிக்கையாளர். கம்பெனி கம்பெனியாகப் போய், யார் எங்கே தப்புப் பண்ணியிருக்கிறார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவது அவர் தொழில். ஆபீசில் சம்பளத்துக்குச் செய்கிற அதே காரியத்தை வீட்டில் இலவசமாகவே செய்வார். பொழுதுபோக்கு ரிமோட் கார். ஞாயிற்றுக்கிழமையானால், பூட்டிக் கிடக்கும் ஒரு கிடங்குக்குப் பின்னால் இருக்கிற மண் திடலில் தொப்பை விழுந்த ஆண்கள் வரிசையாக நின்று, பூனைக்குட்டி அளவு கார்களை ஓடவிட்டு, ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்வார்கள். அந்தக் கிளப்பில் அவருக்கு 'ஷாக் டாக்டர்' என்று பட்டம். பட்டத்தைக் கொடுத்தவரும் அவரேதான்.

அப்பேர்ப்பட்ட டாக்டரின் காரில்தான் இடது பின் ஷாக் ஒழுகியது. ஷாக் என்றால் பெரிய சமாசாரமில்லை. சுண்டுவிரல் அளவு குழாய், உள்ளே எண்ணெய், மேலும் கீழும் போய்வர ஒரு கம்பி, எண்ணெய் வெளியே வராமல் கம்பியைக் கவ்விப் பிடிக்க ஒரு ரப்பர் வளையம். எண்ணெய் வடிந்துவிட்டால் சக்கரம் துள்ளும், மேட்டில் ஏறி இறங்கும்போது கார் குப்புற அடித்துக் கவிழும். அவருடைய கார் போட்டிக்குப் போட்டி கவிழ்ந்தது.

அவரும் பார்க்காத வைத்தியமில்லை. உள்ளே காற்றுக் குமிழி என்றார். எண்ணெயை மாற்றினார், ஒழுகியது. எண்ணெய் நீர்த்துப்போச்சு என்று கெட்டியாக ஊற்றினார், கெட்டியாக ஒழுகியது. வளையத்தை மாற்றினார், ஒரே வாரத்தில் அதுவும் கிழிந்தது. வெயில்மேல் பழி போட்டார். செய்த கம்பெனியைத் திட்டினார். அவள் மேஜையைத் தூசி தட்டியதால்தான் மண் உள்ளே போயிற்று என்று அதையும் தடுத்துவிட்டார். குற்றம் சொல்ல வேறு எதுவும் மிச்சமில்லை என்றானதும், அவர் பார்வை அவள் தம்பிமேல் விழுந்தது.

தம்பி பல் டாக்டர். நிஜ டாக்டர். அத்தானுடைய கிளப்பில் அவனும் ஒரு ஆள், அத்தானைவிட நன்றாக ஓட்டுவான் என்பதுதான் அவன் செய்த பாவம். ஒரு போட்டியில் கவிழ்ந்து கிடந்த அத்தானின் காரை ஓடிப்போய் நிமிர்த்தி வைத்தான். அத்தான் அதைப் பிடித்துக்கொண்டார். அத்தனை பேர் முன்னாலும், "யார் கை வச்சப்புறம் என் வண்டி இப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியும்" என்று உரக்கச் சொல்லிவிட்டார். தம்பி தன் காரைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு போனவன்தான், அதற்கப்புறம் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அவளுக்கு இருப்பது ஒரே தம்பி. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளினிக்கை மூடியதும் நேரே இங்கேதான் வருவான். "அக்கா, பசிக்குது" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றுவான். இப்போதும் வெள்ளிக்கிழமை அவள் ஒரு ஆளுக்குச் சேர்த்தே சமைத்தாள். ஒரு சொட்டு எண்ணெய்க்காகத் தம்பியைப் பறிகொடுத்தோமே என்று ஆற்றாமையாக இருந்தது.

அந்த ஞாயிறு போட்டி இல்லை. காலையில் ஷாக் டாக்டர் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு மேஜைமுன் உட்கார்ந்தார்.

"இங்க வா. போனைப் பிடி. கிளப் குரூப்ல நேரலை போடப்போறேன்" என்றார்.

"எதுக்குங்க?"

"என் வண்டியில நடந்தது சதின்னு ஆதாரத்தோட காட்டப்போறேன்."

"என் தம்பி பேரை இழுத்தீங்கன்னா நான் போனை வச்சிட்டுப் போயிடுவேன்."

"பேரே சொல்லமாட்டேன். புரியிறவங்களுக்குப் புரியும். நீ ஆடாம பிடி, அது போதும்."

பிடித்தாள். திரையின் ஓரத்தில் பார்க்க வந்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறின. ஞாயிற்றுக்கிழமை காலையில் இத்தனை பேருக்கு வேறு வேலையில்லையா என்று அவள் நினைத்தபோதே, தம்பியின் பெயரும் வந்தது.

ஷாக் டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். குழாயைத் திறந்தார், எண்ணெயைக் கொட்டினார், கம்பியை உருவினார். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"பாருங்க! நல்லாப் பாருங்க! கிட்டக் கொண்டு வாம்மா. கம்பியில கோடு கோடா கீறல் தெரியுதா? இந்தக் கீறல்தான் ஒவ்வொரு தடவையும் வளையத்தை அறுக்குது. கம்பி தானா கீறிக்குமா? யாரோ பல்லு வச்ச எதையோ வச்சு, வேணும்னே கடிச்சு விட்டிருக்காங்க. பல்லு விஷயம் தெரிஞ்சவங்க யாருன்னு நான் சொல்லணுமா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை அவர் மண்டையில் போட்டுவிட்டுப் போகலாமா என்றுகூட நினைத்தாள். அதற்குள் அவர் உறையைப் பிரித்துப் புதுக் கம்பியை எடுத்துவிட்டார். கண்ணாடி மாதிரி மின்னியது.

"பாத்துக்கோங்க, ஒரு கீறல் இல்ல. இப்ப இதை எப்படிப் பூட்டணும்னு டாக்டர் காட்டுறேன். அடியில, சக்கரத்துப் பக்கம் மாட்டுற இந்தப் பிளாஸ்டிக் காதைத் திருகணும். கம்பி சுத்தாம இருக்கணும் இல்லையா? அதுக்கு இறுக்கமாப் பிடிக்கணும்."

சொல்லிவிட்டு, பக்கத்தில் கிடந்த குறட்டை எடுத்தார். கம்பியின் நடுவில் கவ்வினார். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தி, காதைத் திருகினார். குறட்டின் பல் கம்பியில் கரகரவென்று உரசியது அவளுக்கே கேட்டது.

திரையில் சிரிப்புப் பொம்மைகள் மளமளவென்று ஏறின. அவர் பார்க்க வழியில்லை, போன் அவள் கையில் இருந்தது. கடைசியாகத் தம்பியின் வரி வந்தது. அவள் அதைச் சத்தமாகப் படித்தாள்.

"அக்கா, புதுக் கம்பியை இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டு."

காட்டினாள். பழைய கம்பியை எடுத்துப் பக்கத்திலேயே பிடித்துக் காட்டினாள். அதே கோடு, அதே இடைவெளி, அச்சு பிசகாமல்.

ஷாக் டாக்டர் குனிந்து பார்த்தார். கம்பியைப் பார்த்தார், குறட்டைப் பார்த்தார், மறுபடி கம்பியைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஒவ்வொரு தடவை வைத்தியம் பார்த்தபோதும் வியாதியை ஏற்றிவிட்டவர் அவரேதான் என்று கிளப் முழுக்கத் தெரிந்துவிட்டது, அவருக்கும் சேர்த்து.

"நிறுத்து" என்றார் மெல்ல.

அவள் நிறுத்தவில்லை. ஒரு கையால் போனைப் பிடித்தபடியே மேஜை இழுப்பறையைத் திறந்து, அடியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து அவர் முன்னால் போட்டாள். தம்பி அவருக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தது. கீறாமல் கம்பியைப் பிடிக்கிற கருவி என்று அட்டையில் படமே போட்டிருந்தது. "இதெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு" என்று அன்றைக்கே இழுப்பறையில் தள்ளியவர், இன்றுவரை பிரிக்கவில்லை.

"போனை நிறுத்துன்னு சொல்றேன்ல!"

"எல்லார் முன்னாடியும்தானே பழி போட்டீங்க? எல்லாரும் இங்கதான் இருக்காங்க. சொல்லிட்டு எந்திரிங்க."

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "பராமரிப்பின்போது ஒரு சிறு கவனக்குறைவு ஏற்பட்டிருப்பது தெரியவருகிறது" என்றார், தணிக்கை அறிக்கை வாசிக்கிற குரலில்.

"யாராலங்க?"

அவர் குறட்டை மெல்லப் புட்டிகளுக்குப் பின்னால் தள்ளினார்.

"யாராலன்னு கேட்டேன்."

"என்னாலதான்."

"பழி யார் மேல?"

அவர் அசடு வழியப் போனைப் பார்த்தார். "மச்சான் மேல. தப்புதான், மச்சான். மன்னிச்சுக்கோ."

அப்போதுதான் அவள் போனை அணைத்தாள். அணைப்பதற்குமுன் திரையில் கடைசியாக ஒரு வரி ஏறியதைப் பார்த்துவிட்டாள். 'அக்கா, பசிக்குது. மேஜை காலியா?'

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஈரத்துணி ஒன்றை எடுத்து வந்து புருஷன் மடியில் போட்டாள். "தம்பி வர்றான். துடைங்க."

அவர் காரைத் தூக்கித் தரையில் வைத்தார். புட்டிகளை ஒதுக்கினார். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க ஆரம்பித்தவர், கொஞ்ச நேரம் கழித்து வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார். "இருந்தாலும் அந்தப் பாக்கெட்ல படத்தை இவ்வளவு சின்னதாப் போட்டா மனுஷனுக்கு எப்படித் தெரியும்? அதுவும் அவன் கொடுக்கிறப்ப ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லியிருந்தா..."

அவள் போனைத் திரும்பக் கையில் எடுத்தாள்.

அவர் வாயை மூடிக்கொண்டு, மேஜையின் நாலு மூலையையும் அழுத்தித் துடைத்தார்.