ஞாயிற்றுக்கிழமைப் பலகை

“உங்க சாமியைத் திங்கக்கிழமைக்கு மாறச் சொல்லுங்களேன், ஃபுசாயே சான். ஞாயித்துக்கிழமைதான் என் கடைக்கு நாலு தலை வரும்.”

“போன தடவையும் இதேதான் சொன்னீங்க. அப்புறம் முன்வரிசையில உக்காந்து குறட்டை விட்டீங்க.”

“குறட்டையா? கண்ணை மூடச் சொன்னாங்க, மூடினேன். சொன்ன பேச்சைக் கேட்டது தப்பா?”

கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். முடிதிருத்தும் இனாகாகி எதைச் சொன்னாலும் அந்தத் தெருவில் முதலில் சிரிப்புதான் வரும். அவரோடு மல்லுக்கு நின்ற ஹிரோசே அம்மாள் ஊறுகாய்த் தட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டார். தெருச் சங்கத்தின் மாதக் கூட்டம் அது. மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் கெட்டில் முனகிக்கொண்டிருந்தது. கடல் எந்தப் பக்கம் என்றே தெரியாதபடி வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. வடிகால் மூடி, குப்பை மேடையில் காக்கை கிளறாமல் விரிக்கும் வலையில் விழுந்த ஓட்டை எல்லாம் பேசி முடித்து, பேச்சு கடைசியாக ஞாயிற்றுக்கிழமையில் வந்து நின்றது. ஃபுசாயே மட்டும் சிரிக்கவில்லை. தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லோரும் தன்னைத்தான் பார்க்கப்போகிறார்கள் என்று காத்திருந்தாள்.

அந்தத் தெருவில் இருந்த சிறிய தேவாலயத்துக்கு வென்டெல் ஹோல்மும் அவர் மனைவி ஆர்டிஸும் போன குளிர்காலத்தின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தார்கள். அமெரிக்காவின் நடுவில், கடலையே பார்க்காத ஒரு சோளக்காட்டு ஊர்க்காரர்கள். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆர்டிஸ் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தவர். போதகர் இல்லாமல் பூட்டிக்கிடந்த சபையை இரண்டு குளிர்காலம் திறந்து வைத்திருக்க மிஷன் அவர்களை அனுப்பியிருந்தது. மார்ச் கடைசியில் ஊர் திரும்பவேண்டும். அந்தச் சபையில் மிச்சமிருந்த ஒரே உறுப்பினர் ஃபுசாயே. நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவள் என்பதால் வென்டெலின் பிரசங்கத்தை வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்ப்பதும் அவள் வேலையானது. கேட்க ஆளில்லாதபோது அது சுலபமான வேலையாகத்தான் இருந்தது.

அந்த முதல் குளிர்காலத்தில் வென்டெல் விடியுமுன் எழுந்து, தெருவிலிருந்த வயசாளிகளின் வாசல்களில் எல்லாம் பனியை வாரித் தள்ளினார். யாரும் அவரைக் கேட்கவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று தொகுயோ அம்மாள் கைகூப்பக் கூப்ப, அவர் வீட்டுக் கூரைமேலும் ஏறி அங்கே குவிந்திருந்த பனியைத் தள்ளினார். தெரு திணறிப்போனது. முள்ளங்கி கொடுத்தார்கள், ஆர்டிஸ் வாழைப்பழ ரொட்டி சுட்டு அனுப்பினார். ரொட்டிக்குப் பதிலாகக் கருவாடு போனது. கருவாட்டுக்குப் பதிலாக அதைவிடப் பெரிய ரொட்டி வந்தது. இதற்கு முடிவே இல்லை என்று தெருவுக்குப் புரிந்தது. ஞாயிறு காலைகளில் அந்தப் பக்கம் போனவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தது ஒன்றைத்தான். கோட்டுப் போட்ட அந்தப் பெரிய மனிதர் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். அவர் மனைவி காலி நாற்காலிகளுக்காக ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார். பார்க்கவே பாவமாக இருக்கிறது என்று வசந்தகாலக் கூட்டத்தில் ஹிரோசே அம்மாள் சொன்னார். குப்பை மேடைக்கு முறை வைத்திருக்கிறோம், வாய்க்காலுக்கு முறை வைத்திருக்கிறோம், இதற்கும் வைத்தால் என்ன என்று தலைவர் ஓகுமுரா கேட்டார். மீன் விழுதை அவித்து ஒரு சிறு பலகையில் ஒட்டி விற்பார்களே, அந்தப் பலகை ஒன்றைக் கழுவிக் காயவைத்து, மையால் ‘ஞாயிறு முறை’ என்று எழுதி நூல் கட்டினார். பலகை தொங்கும் வீட்டுக்காரர்களும் அவர்களின் எதிர்வீட்டுக்காரர்களும் அந்த வாரம் தேவாலயத்துக்குப் போகவேண்டும். போய் வந்த பிறகு அதை அடுத்த வீட்டு வாசலில் மாட்டிவிட வேண்டும். அவ்வளவுதான். மார்ச் வரைக்கும்தானே என்றார்கள். ஃபுசாயே எழுந்து எல்லோருக்கும் தலை தாழ்த்தி நன்றி சொன்னாள்.

ஒவ்வொரு வாரமும் வேறு வேறு முகங்கள் வந்தன. சீக்கிரமே வந்து, செருப்புகளை வரிசையாக வைத்துவிட்டு, பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். வென்டெல் அழுதுவிட்டார். தெருவே திரும்பி வருகிறது, நாங்கள் வெறுமனே வாசலைத்தான் திறந்து வைத்தோம் என்று ஊரில் இருந்த தன் சபைக்குத் தொலைபேசியில் சொன்னார். இப்போது, போன ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு, தேநீர் குடிக்கும்போது எழுந்து நின்று அறிவித்துவிட்டார். ஊரில் இருக்கும் வீட்டை விற்கப்போகிறோம். வாங்க ஆள் தயார். வருகிற திங்களன்று மகளிடம் சரி என்று சொல்லிவிடுவேன். பிறகு சாகும்வரை இங்கேதான். ஃபுசாயே அதை மொழிபெயர்த்தாள். அன்றைக்கு முறைக்கு வந்திருந்த தொகுயோ அம்மாளும் எதிர்வீட்டுத் தம்பதியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, பிறகு கைதட்டினார்கள்.

“அப்போ மார்ச்சோட முடியாதா?” என்று கேட்டார் இனாகாகி. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

“சாகுற வரைக்கும்னாராம்,” என்றார் ஹிரோசே அம்மாள்.

“யாரு சாகுற வரைக்கும்?”

யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்கள். அந்தக் கூடத்தில் அறுபதைத் தாண்டாதவர்கள் யாரும் இல்லை. தலைவர் ஓகுமுரா கெட்டிலைத் தூக்கி, யாருக்கும் ஊற்றாமல் திரும்ப வைத்தார். மரியாதைக்காகச் செய்தது வேறு, ஒருத்தர் வீட்டை விற்கவைப்பது வேறு என்றார். இத்தோடு நிறுத்திவிட வேண்டும். ஆனால் அவர்களிடம் யாராவது சொல்லித்தான் நிறுத்தவேண்டும். அதற்குப் பிறகுதான் எல்லோரும் ஃபுசாயேயைப் பார்த்தார்கள்.

“பாஷை தெரிஞ்சவங்க நீங்கதானே,” என்றார் ஓகுமுரா. மன்னிப்புக் கேட்கும் குரலில்தான் சொன்னார்.

ஞாயிறன்று சொல்வதாக அவள் ஒப்புக்கொண்டாள். கிளம்பும்போது ஹிரோசே அம்மாள் கோட்டை மாட்டிக்கொண்டே, இந்த வாரம் தன் முறை என்றும், தொகுயோ இன்னும் பலகையைக் கொண்டுவந்து மாட்டவில்லை என்றும் சொன்னார். மாட்டினால் கடைசித் தடவையாகப் போய்விட்டு வருவார். மாட்டாவிட்டால் எப்படிப் போவது?

அந்த வாரம் முழுக்க ஃபுசாயே ஒரு ஆங்கில வாக்கியத்தைச் செய்துகொண்டிருந்தாள். பாத்திரம் கழுவும்போது ஒரு சொல்லை எடுத்துவிடுவாள், படுக்கையை மடிக்கும்போது வேறொன்றைச் சேர்ப்பாள். எப்படிச் செய்தாலும் அது கத்தியாகவே வந்தது. சொன்னால் அவர்கள் போய்விடுவார்கள். அவர்கள் போனால் மிஷன் அந்தக் கட்டடத்தை விற்றுவிடும். உறுப்பினர் எண்ணிக்கை கூடாவிட்டால் அதுதான் நடக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பதினாறு வயதில் அவள் ஞானஸ்நானம் பெற்றது அங்கேதான். தலையில் ஊற்றிய தண்ணீர் கழுத்து வழியாக முதுகில் இறங்கியபோது, இனி எப்போதும் தனியாக இருக்கமாட்டோம் என்று நினைத்தது நினைவிருக்கிறது. அந்த நினைப்பு எப்போது போனது என்பதுதான் நினைவில்லை. தெருவில் முறை இல்லாமல் அங்கே போகிறவள் அவள் ஒருத்திதான். ஆனால் மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்பதற்காகத்தானே போகிறோம், அதுவும் ஒரு முறைதானே என்று இப்போதெல்லாம் தோன்றியது. இறங்காத ஒரு பலகை தன் வாசலில் எப்போதும் தொங்குவதுபோல.

ஞாயிறு காலை அவள் தேவாலயக் கதவைத் திறந்தபோது பலகை சிலுவைக்குக் கீழே, சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தது.

“பாத்தீங்களா, ஃபுசாயே?” என்றார் வென்டெல். சவரம் செய்த கன்னம் சிவந்திருந்தது. “செவ்வாய்க்கிழமை காலையில எங்க கேட்ல தொங்கிட்டு இருந்துச்சு. எல்லார் வீட்டு வாசல்லயும் இதைப் பாத்திருக்கேன். எங்களுக்கு மட்டும் வந்ததே இல்ல. இப்போ எங்களையும் தெருவுல சேத்துக்கிட்டாங்க.”

முன்பு ஒருமுறை அது என்னவென்று அவர் கேட்டபோது, தெருக்காரர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் ஒரு அடையாளம் என்று அவள் சொல்லியிருந்தாள். தொகுயோ அம்மாள் வீட்டுக்கும் ஹிரோசே அம்மாள் வீட்டுக்கும் நடுவில்தான் தேவாலயமும் அதை ஒட்டிய ஹோல்ம் வீடும் இருந்தன. குப்பை முறைக்கென்று இருக்கும் வேறொரு பலகை, ஹோல்ம் வீடு உட்பட, அந்த வரிசையில்தான் போகும். ஞாயிறுப் பலகை மட்டும் அந்த ஒரு வீட்டைத் தாண்டிப் போகவேண்டும். தொகுயோ அம்மாளுக்கு இப்போதெல்லாம் அடுப்பை அணைத்தோமா என்பதே நினைவிருப்பதில்லை. கை பழகிய வாசலில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். தேவாலயத்துக்குப் போகும் முறை தேவாலயத்துக்கே வந்துவிட்டது.

மணியடித்தார்கள். யாரும் வரவில்லை. ஜன்னல் வழியாக ஃபுசாயே பார்த்தபோது ஹிரோசே வீட்டுத் திரை கொஞ்சம் விலகியிருந்தது. தன் வாசலில் பலகை இல்லை என்பதை ஹிரோசே அம்மாள் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்துகொண்டிருக்கலாம். பனி அதிகம், மெதுவாக வருவார்கள் என்றார் வென்டெல். பிறகு, காத்திருப்போம் என்றார். பிறகு கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு மேடைக்கு முன்னால் போய் நின்றார். ஆர்டிஸ் ஆர்கனில் கையை வைத்தார்.

அன்றைய பிரசங்கம் அறுவடையைப் பற்றியது. முன்பே எழுதி வைத்திருந்தார். முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, வழக்கம்போல நிறுத்தி ஃபுசாயேயைப் பார்த்தார். நாற்காலிகளில் யாரும் இல்லை. அந்த வாக்கியத்தைப் புரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஆளுக்கு அது ஏற்கெனவே புரிந்துவிட்டது. அவர் காத்துக்கொண்டே நின்றார். ஃபுசாயே காலி வரிசைகளின் பக்கம் திரும்பி, அதைத் தன் மொழியில் சொன்னாள். அவர் அடுத்த வாக்கியத்தைச் சொன்னார். அவள் அதையும் சொன்னாள். கடைசிவரை இப்படியே போனது. நடுவில் ஓர் இடத்தில் அவர் குரல் தழுதழுத்தது. அவள் குரலும் அந்த இடத்தில் தழுதழுத்தது, அது மொழிபெயர்ப்பின் ஒரு பகுதி என்பதுபோல. ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்த ஆர்டிஸ் இருவரையும் பார்க்கவில்லை. சுவரில் இருந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் வென்டெல் கோட்டைக் கழற்றிவிட்டு ரப்பர் காலணிகளை மாட்டிக்கொண்டார். பாதையைச் சரியாக ஒதுக்கவில்லை, அதுதான், வயசானவர்கள் வழுக்கிவிடுமோ என்று பயந்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டு மண்வாரியோடு வெளியே போனார்.

சமையலறையில் யாரும் தொடாத கோப்பைகளை ஆர்டிஸ் கழுவினார். கழுவத் தேவையில்லை என்று ஃபுசாயே சொல்லவில்லை. துண்டை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்தாள். செய்து வைத்திருந்த வாக்கியம் நாக்கின் நுனியில் இருந்தது.

“குப்பைப் பலகை எங்க கேட்டுக்கு வரும்போதெல்லாம் நான்தான் வலையை விரிக்கிறேன்,” என்றார் ஆர்டிஸ். “அதுல இருக்கற எழுத்தை குழந்தைங்க புத்தகத்தை வெச்சு ஒண்ணொண்ணா படிச்சேன். அது முறைன்னு தெரியும். இவர் அதைச் சுவத்துல மாட்டினப்போ படிச்சேன், ஃபுசாயே. அதே எழுத்துதான் இதுலயும் இருக்கு.”

ஃபுசாயேயின் வாக்கியம் எங்கோ போய்விட்டது.

“எல்லாருமா?” என்று கேட்டார் ஆர்டிஸ்.

“எல்லாரும்.”

“அந்த பார்பருமா? எவ்ளோ பக்தியா கண்ணை மூடிட்டு இருப்பாரு.” ஆர்டிஸ் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. சோப்பு நுரையில் கையை அப்படியே வைத்திருந்தார்.

கூட்டத்தில் முடிவெடுத்ததை ஃபுசாயே சொன்னாள். இனிமேல் யாரும் வரமாட்டார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. வீட்டை விற்பதற்கு முன்னால் தெரியவேண்டும் என்றுதான். கத்தி இல்லாமலேயே சொல்லிவிட்டாள். கத்தி இல்லாமலும் அது வெட்டியது.

ஆர்டிஸ் ஜன்னலைப் பார்த்தார். வெளியே மண்வாரி கல்லில் உரசும் சத்தம் கேட்டது. ரிடையர் ஆன பிறகு வென்டெல் எப்படி இருந்தார் என்று சொல்லத் தொடங்கினார். தினமும் காலையில் டிஃபனை டப்பாவில் எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போவாராம். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, கதவைப் பூட்டிக்கொண்டு, மத்தியானம் வரை இருப்பாராம். வண்டியை ஸ்டார்ட் செய்வதில்லை. ஆரம்பத்தில் செய்வதில்லை என்றார். பிறகு ஒருநாள், புகை வெளியேற வழியில்லாமல் கராஜின் பெரிய கதவு மூடியே இருக்க, எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டதாம். அதற்குப் பிறகுதான் மிஷனுக்குப் பெயர் கொடுத்தார்கள்.

“வீடு போகட்டும்,” என்றார். “அந்த கராஜுக்கு நான் அவரைத் திரும்பக் கூட்டிட்டுப் போகமாட்டேன். இங்க இருட்டோட எழுந்திரிக்கிறார், தெரியுமா? ஷூ போடும்போது பாடுறார்.”

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். ஆணியிலிருந்து நூல் உருவப்படும் சின்னச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது பலகை அவர் கையில் இருந்தது. வென்டெல் அதைத் துடைத்து மெருகேற்றியிருந்தார். மை மட்டும் ஓரத்தில் கொஞ்சம் கரைந்திருந்தது.

“எங்க போச்சுன்னு கேட்டா, அது சுத்திட்டேதான் இருக்கணும், நாம வெச்சுக்கக் கூடாதுன்னு சொல்லிடறேன். சந்தோஷப்படுவார்.” ஆர்டிஸ் பலகையை நீட்டினார். “அவங்ககிட்ட நீங்க பேசினா கேப்பாங்க. நம்பவேண்டாம். பாடவேண்டாம். வந்து உக்காந்தா போதும். அடுத்தது ஹிரோசே வீடுதானே? இருட்டுறதுக்குள்ள இதை அங்க மாட்டிடறீங்களா, ஃபுசாயே?”

ஃபுசாயேயின் கையில் ஈரத் துண்டு இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வென்டெல் பாதையை எப்போதோ ஒதுக்கி முடித்திருந்தார். இப்போது, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடந்து வரும்படி, அதை அகலமாக்கிக்கொண்டிருந்தார்.