ரெண்டாயிரமும் ஒரே மரம்

எண்பத்து மூன்றில் கோலா சிலாங்கூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக்குப் எண்ணெய் எடுக்கிற புதுச் செம்பனைக் கன்றுகள் வந்தபோது கணக்கெழுதும் சின்னக் கிராணி சேதுவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

“இது விதை போட்டு வந்தது இல்ல, நவமணிக்கா. விதைன்னா பூவுல இருக்கிற உயிரணு ரெண்டு சேரணும். அப்பன் பாதி, ஆத்தா பாதி. பிள்ளை எப்படிப் பொறக்கும்னு யாருக்குத் தெரியும்? இது உடம்பு உயிரணு. நல்லாக் காய்க்கிற ஒரு மரத்தோட இளம் இலையைக் கிள்ளி போத்தல்ல வளர்த்தது. ரெண்டாயிரமும் ஒரே மரம்லா!”

“ஆத்தா இல்லாத பிள்ளைக்குக் காது குத்த மாமனை எங்க தம்பி தேடுறது?” என்றேன். கூட வேலை செய்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

கன்றுகள் தளதளவென்று வளர்ந்தன. எல்லாம் ஒரே உயரம், ஒரே பச்சை. எனக்கு அது பிடிக்கவே இல்லை. நான் பெற்ற நாலும் நாலு விதம். மரம் பருக்கட்டும் என்று முதல் இரண்டு வருடம் பூவை விரியவிடாமல் உளியால் குத்தி எடுப்பார்கள். அந்த வேலை என்னுடையது. ஆயிரக்கணக்கில் மொட்டாகவே எடுத்து எறிந்தேன். ஒன்றையாவது பிரித்துப் பார்த்தேனா, பாவி!

மூன்றாம் வருடம் பூக்களை விட்டுவிட்டோம். அவை காயாகும் முன்பே, ஏழாம் நம்பர்க் காட்டில் இருந்த பழைய மரங்களைச் சாய்த்து இதே கன்றை நட உத்தரவு வந்துவிட்டது. அங்கேதான் என் புருஷன் வீரன் குலை வெட்டினார். எங்கள் லயத்து இருபது வீட்டுக்கும் அந்த மரங்கள்தான் சோறு.

சாய்க்கப்போகும் திங்கட்கிழமை காலை, புதுக் கன்றில் முதல் குலையைப் பார்த்தேன். ஒவ்வொரு காயைச் சுற்றியும் ஆறு சதை விரல்கள் முளைத்து இறுக்கியிருந்தன. பிளந்தேன். உள்ளே பருப்பு இல்லை. பருப்பு இல்லாத குலை பழுக்காமலே அழுகிப்போகும். பக்கத்து மரத்துக்கு ஓடினேன். அதுவும் அப்படியே. அந்த நிரை முழுக்க அப்படியே.

சேது வந்து பார்த்து வெளுத்துப்போனான். “வெட்டிப் புதைச்சிருங்கக்கா. யாருகிட்டயும் சொல்லாதீங்க. அடுத்த குலை சரியா வரும்.”

“எப்படிடா வரும்? ஒண்ணு கெட்டா எல்லாம் கெட்டதுதானே?”

ஏழாம் நம்பர்ப் பக்கம் புல்டோசர் உறுமியது. குலையை வெட்டித் தூக்கிக்கொண்டு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் நான்கு நிரை விழுந்திருந்தது. நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். வேலையை மேற்பார்த்த மண்டோர் கார்த்திகேசு கையை விரித்தார்.

“மேலிடத்து உத்தரவும்மா.”

வீரன் ஓரமாக நின்றிருந்தார். “மூணு வருஷம் பல்லைக் கடிச்சுக்குவோம், புள்ள. அப்புறம் புதுசு காய்ச்சிரும்.”

குலையை அவர் காலடியில் போட்டேன். குனிந்து ஒரு காயைப் பிய்த்துப் பார்த்தார். இன்னொன்றையும் பிய்த்தார். பிறகு நிமிர்ந்து, கன்று ஏற்றிய லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.