பூட்டாத சைக்கிள்

வீட்டோரச் சந்தில் பெருக்கிக்கொண்டிருந்தபோது, மூக்கம்மாளின் விளக்குமாறு பட்டு சைக்கிளின் பின்சக்கரம் சுற்றியது. மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, ஆடி, நின்றது. குனிந்தவள் நிமிரவில்லை. நாலு வருசமாகச் சுற்றாத சக்கரம் அது.

சக்கரக் கம்பிகளுக்கு நடுவே குறுக்காகப் பாய்ந்து கிடக்க வேண்டிய பூட்டின் நாக்கு உள்ளே போயிருந்தது. பூட்டு திறந்திருந்தது. சாவியைக் காணோம்.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற நீலச் சைக்கிள்தான். மகன் மணிமுத்துவினுடையது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று கடற்கரை என்ற அவன் அப்பா, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டார். "இனி இந்த வாசல மிதிச்சே, கால ஒடிச்சிருவேன்." பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் தென்காசி ரயில் நிலையத்து ஸ்டாண்டில் சைக்கிள் மட்டும் நின்றது, ஒழுங்காகப் பூட்டியபடி. மெட்ராசுக்குப் போனானா, கொல்லத்துப் பக்கம் போனானா, ஒரு துப்பும் இல்லை. போலீசில் எழுதிக் கொடுத்துப் பார்த்தார்கள். தெரிந்தவர்களிடம் எல்லாம் போட்டோ அனுப்பினார்கள். பின்சக்கரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி கடற்கரை அந்த வண்டியைத் தங்கள் ஊரான குத்துக்கல்வலசை வரை நடத்திக்கொண்டு வந்தார். திருட்டு வண்டியா என்று வழியில் இரண்டு பேர் கேட்டார்களாம்.

பூட்டை உடைக்க மூக்கம்மாள் விடவில்லை. "சாவி அவன்ட்ட இருக்கு. அவந்தான் தொறக்கணும்" என்றாள். சொல்லிச் சொல்லி அது ஒரு நேர்ச்சை மாதிரி ஆகிப்போனது. பூட்டு பூட்டியிருக்கிற வரைக்கும் சாவி எங்கேயோ இருக்கிறது. சாவி இருந்தால் அதை வைத்திருக்கிற சட்டைப்பையும் இருக்கும். இதற்கு மேல் அவள் யோசிப்பதில்லை.

இப்போது பூட்டு திறந்து கிடக்கிறது.

"இங்கன வாரும்" என்று புருசனைக் கூப்பிட்டாள்.

கடற்கரை பல் தேய்த்த வாயோடு வந்தார். அவர் பெயின்டர். கைநகங்களில் எப்போதும் ஒரு நிறம் இருக்கும். மகன் போனதிலிருந்து அவருக்குக் குரல் இறங்கிப்போயிருந்தது. எதிரில் நிற்பவரே இன்னொரு தரம் கேட்க வேண்டும். சக்கரத்தின் பக்கத்தில் குத்தவைத்து, ஒற்றை விரலால் அதைத் தள்ளினார். சுற்றியது.

"நீ தொறந்தியாட்டி?"

"நான் எத வச்சுத் தொறப்பேன்?"

"சாவி வேற இல்ல."

அதுதான் அவளுக்கும் உறைத்தது. மற்ற சைக்கிள்களில் பூட்டைத் திறந்தால் சாவி அதிலேயே மாட்டிக்கொள்ளும். இது தேய்ந்த பூட்டு. திறந்த பிறகும் சாவியை உருவிவிடலாம். மணிமுத்து அதை உருவி விரலில் சுற்றிக்கொண்டேதான் வீட்டுக்குள் வருவான்.

"நேத்து அடிச்ச மழையில ஒண்ணும் கேட்டிருக்காது" என்றார் கடற்கரை. அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. இரண்டு சக்கரத்துக்கும் புது ட்யூப் போட்டு, செயினுக்கு எண்ணெய் விட்டு, பெயின்ட் வேலைக்கு வைத்திருந்த தார்ப்பாயால் வண்டியை மூடினார்.

மூக்கம்மாள் குற்றாலத்தில் ஒரு சிப்ஸ் கடையில் நேந்திரங்காய் சீவுகிறவள். சாயங்காலம் வேலை முடிந்து வருகிற வழியில் தென்காசியில் இறங்கி ஞானதுரை அண்ணாச்சியின் சைக்கிள் கடைக்குப் போனாள்.

"கவர்மென்ட் சைக்கிளுக்கு அலாரமா? பைக்குக்கே ஒருத்தனும் வாங்க மாட்டுக்கான்" என்றார் அவர்.

"இருக்கா இல்லியா, அதச் சொல்லும்."

"இருக்கு. சீசனுக்கு கியர் சைக்கிள்ல வாரவனுக்குன்னு எடுத்து வச்சது. சும்மா தொட்டாலே ஊரக் கூட்டிரும். திருடன் துணிய விட்டுட்டு ஓடுவான்."

"ஓட வேண்டாம் அண்ணாச்சி. எனக்குக் கேட்டாப் போதும்."

ஞானதுரை அவளை ஒரு பார்வை பார்த்தார். அந்தச் சைக்கிளின் கதை அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு கேலி பேசவில்லை. அலாரத்தை எப்படி மாட்டுவது, ரிமோட்டில் எதை அமுக்கினால் அடங்கும் என்று இரண்டு தரம் சொல்லிக் காட்டினார். ஒரு சங்கிலிப் பூட்டையும் அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அலாரத்தை மாட்டி, சங்கிலியை வண்டிக்கும் ஜன்னல் கம்பிக்குமாகப் போட்டுப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். இனி வருகிறவன் அம்மாவிடம் கேட்காமல் வண்டியை எடுக்க முடியாது.

ஆனி மாசத்துக் காற்று இருக்கிறதே, அது மலையிலிருந்து இறங்கி வந்து வீட்டுக்கு வீடு கதவைத் தட்டிவிட்டுப் போகும். தார்ப்பாய் படபடத்தால் அலாரம் கத்தியது. பூனை ஏறினால் கத்தியது. தென்னை மட்டை சந்தில் விழுந்தபோது விடாமல் கத்தியது. ஒவ்வொரு தரமும் மூக்கம்மாள் போட்டது போட்டபடி ஓடினாள். சோற்றுக் கையோடு ஓடினாள். தலையில் சிகைக்காயோடு ஓடினாள். சிப்ஸ் கடையில் யாருடைய செல்போன் கத்தினாலும் அவள் கத்தி நின்றுவிடும்.

பக்கத்து வீட்டு இசக்கிப்பாண்டி காம்பவுண்டுக்கு மேல் தலையை நீட்டிக் கேட்டான். "யக்கா, ஒங்க வீட்டுல சைக்கிள் நிக்கா, ஆம்புலன்ஸ் நிக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதாம்லே. நீ போய்ப் படு."

"எங்கன படுக்க? எங்க நாய் பயந்துபோய் என் கட்டில்ல ஏறிக் கிடக்கு. எனக்கு எடம் பத்தல."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே வந்தபோது கடற்கரை சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அலாரம் கத்துகிறபோதெல்லாம் அவர் அப்படித்தான் உட்கார்ந்துவிடுகிறார் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தாள். இரண்டு கையாலும் முழங்காலைக் கட்டிக்கொண்டு, யாரோ தன்னைத் திட்டுகிற மாதிரி.

ஒரு நாள் விளக்கேற்றுகிற நேரம். காற்றே இல்லை. சாரல் மட்டும் நூல் நூலாக விழுந்துகொண்டிருந்தது. அலாரம் கத்தியது.

அரிசி களைந்த கையோடு மூக்கம்மாள் ஓடினாள். சந்தில் யாரும் இல்லை. தார்ப்பாயின் ஒரு முனை தூக்கி விடப்பட்டிருந்தது. ஈர மண்ணில் ஒரே ஒரு செருப்புத் தடம், குதிகால் ஆழமாகப் பதிந்து, கேட்டைப் பார்த்து இருந்தது. நின்ற தடமில்லை, ஓடின தடம். அவள் தெருவுக்கு ஓடினாள். தெரு முனை வரை வெறிச்சென்று கிடந்தது. மெயின் ரோட்டில் குற்றாலத்து பஸ் ஒன்று விளக்குப் போட்டுக்கொண்டு போனது.

"லே முத்து" என்று அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. பின்னால் அலாரம் இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது கடற்கரை அந்தத் தடத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். சாரல் அதன் ஓரங்களைக் கரைக்கத் தொடங்கியிருந்தது. அவர் போய் ஒரு காலி பெயின்ட் வாளியை எடுத்து வந்து தடத்தின் மேல் கவிழ்த்தார்.

"அலாரத்தக் கழத்து" என்றார்.

"கழத்திட்டா எப்படித் தெரியும்?"

"கழத்துட்டி. அன்னைக்கும் சத்தத்துலதான போனான். இப்பவும் வந்தவன நாம சத்தம் போட்டு வெரட்டுதோம்."

"திருடனா இருந்தா?"

"திருடனா இருந்தா கொண்டு போட்டும். சங்கிலியவும் எடு."

அலாரத்தைக் கழற்றினாள். முந்தானை முடிச்சிலிருந்து சாவியை எடுத்துச் சங்கிலியையும் கழற்றினாள். இத்தனை நாளும் தன் பிள்ளையைக் கூப்பிடத்தான் அதை மாட்டி வைத்ததாக நினைத்திருந்தாள். அது கூப்பிடுகிற சாமான் இல்லை, விரட்டுகிற சாமான் என்பது கடையிலேயே சொல்லப்பட்டதுதான்.

இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டு அதீபா வந்தாள். பிளஸ் ஒன் படிக்கிற பெண். துபாயில் இருக்கிற அண்ணனுடைய பழைய சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறவள். வந்தவள் வாசற்படியைத் தாண்டாமல் விரலைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"பெரிம்மா, ஒண்ணு சொல்லணும். ஏச மாட்டியளே?"

"சொல்லுட்டி."

"அந்தப் பூட்ட நாந்தான் தொறந்தேன்."

பெரிய மழை அடித்த அன்று சாயங்காலம், ட்யூஷனுக்குப் போகிற வழியில், அதீபாவின் உம்மா கொடுத்துவிட்ட மூடிபோட்ட தூக்குவாளியோடு அவள் வந்திருந்தாள். மழைக்கு ஒதுங்கத் தன் சைக்கிளைச் சந்தில் மணிமுத்து சைக்கிளுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். திரும்பிப் போகிறபோது இருட்டு, மழைக்குத் தலைமேல் பிடித்த பை. இரண்டும் ஒரே நீலம். கைக்கு எட்டியதில் சாவியைப் போட்டாள், திறந்தது, உருவிக்கொண்டு தள்ளினாள். டயரில் காற்றில்லாமல் தடதடத்த பிறகுதான் மாற்றி எடுத்தது தெரிந்தது. அதைப் பழையபடி ஸ்டாண்ட் போட்டு, பூட்டாமல் விட்டுவிட்டுத் தன் வண்டியில் ஓடிவிட்டாள்.

"அண்ணனும் முத்தண்ணனும் ஒரே நாள்ல வாங்குன சைக்கிள்லா. சாவி சேரும்னு எனக்குத் தெரியாது. நீங்க அலாரம் எல்லாம் மாட்டுனத பாத்து எனக்குப் பயமாப் போச்சு."

மூக்கம்மாள் அவளைச் சந்துக்குக் கூட்டிப் போனாள். "பூட்டு" என்றாள். நாக்கைத் தள்ளிப் பூட்டினாள் பெண். "தொற." அதீபா சாவியைப் போட்டுத் திருப்பினாள். டொக்கென்று ஒரு சத்தம். நாலு வருசம் காத்துக் கிடந்த பூட்டு, இந்தச் சின்னப் பெண்ணின் கையில், ஒரு தயக்கமும் இல்லாமல் திறந்தது.

இன்னும் எத்தனை வீட்டுச் சாவிக்கு இது திறக்குமோ என்று மூக்கம்மாள் அந்தப் பூட்டையே பார்த்தாள்.

"முந்தாநாளு சாயங்காலமும் நீதான் வந்தியா?"

"இல்ல பெரிம்மா. அன்னைக்கு நான் கடையநல்லூர்ல மாமா வீட்டுல இருந்தேன். அலாரம் வச்ச பொறவு இந்தப் பக்கமே நான் வரல." அவள் பார்வை கவிழ்த்து வைத்த வாளிக்குப் போனது. "அது எதுக்கு?"

"அது கிடக்கட்டும். நீ சொன்னத பெரியப்பாட்ட சொல்லாத."

"ஏன்?"

"சொல்லாதட்டி."

அதன் பிறகு அந்தச் சைக்கிள் பூட்டாமலே நின்றது. பூட்டச் சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். கடற்கரை இப்போது இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடுகிறார். காலையில் எழுந்ததும் சந்துக்குப் போய் சீட்டைத் துடைக்கிறார். அவரிடம் போய், அதீபா சாவிக்கே அது திறக்குமாம் என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் வாளியைத் தூக்கிவிடுவாரே. அவளுக்கும்தான் அந்த வாளி வேண்டியிருந்தது.

சாரல் ஒரு நாள் விட்டது. பண்பொழி மலை வரைக்கும் பளிச்சென்று தெரிந்த சாயங்காலம். தார்ப்பாய் புழுங்குகிறதே என்று மூக்கம்மாள் அதை எடுத்து உதறி, நாலாக மடித்து, ஜன்னல் திட்டில் வைத்தாள்.

மறுநாள் விடிந்து அவள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது சந்திலிருந்து கடற்கரையின் குரல் கேட்டது.

"ஏட்டி மூக்கம்மா."

அது பழைய குரல். தெரு முழுக்கக் கேட்கிற குரல். நாலு வருசம் கழித்துக் கேட்டதும் அவளுக்கு மேல் சிலிர்த்தது. இசக்கிப்பாண்டி வீட்டு நாய் குரைத்தது.

அவள் போய்ப் பார்த்தாள். சைக்கிள் இல்லை. கேட் வரைக்கும் ஒற்றை டயர்க் கோடு போயிருந்தது. ராத்திரி விழுந்த தூறலில் வேறு தடம் எதுவும் தங்கவில்லை.

இசக்கிப்பாண்டி காம்பவுண்டுக்கு மேல் தலையை நீட்டினான். "களவு போயிட்டா அண்ணாச்சி? அலாரத்த ஏன் கழத்துனிய? ஸ்டேசன்ல ஒரு எழுத்து எழுதிக் குடுத்துருங்க."

"நீ உள்ள போலே" என்றார் கடற்கரை. அவர் அவனைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் மடித்த தார்ப்பாயை இரண்டு கையாலும் எடுத்து, மூக்கம்மாளிடம் நீட்டினார்.

"பாத்தியா? களவாணிப்பய தார்ப்பாய மடிச்சு வச்சுட்டா போவான்? நாலா மடிச்சிருக்கான்ட்டி. முனைக்கு முனை சேத்து மடிச்சிருக்கான்."

அவர் கண்ணைப் பார்க்க அவளால் முடியவில்லை. தார்ப்பாயை வாங்கிக்கொண்டாள். அவள் மடித்த மடிப்பு அவள் கையில் சில்லென்று இருந்தது.

"ஆமா" என்றாள்.

பிறகு விளக்குமாற்றை எடுத்து வந்து, கவிழ்த்த வாளியைச் சுற்றிப் பெருக்கினாள்.