டால்டா டப்பா

விஜயலக்ஷ்மி டீச்சருக்கு மூக்கின் மேல் கோபம். பாடம் நடத்தும்போது மட்டும் குழைந்து பேசுவாள். அறுபத்தாறாம் வருஷம், பம்பாய் மாட்டுங்காவில் பதினோராம் வகுப்புப் பெண்களுக்கு பேக்லைட் பிளாஸ்டிக் செய்து காட்டினாள். பினாலும் பார்மலினும் அமிலம் பட்டதும் சூடேறிக் கல்லாய் இறுகின.

"சின்னச் சின்ன மூலக்கூறெல்லாம் கைகோத்துண்டுடுத்துன்னா, அப்புறம் லேசுல பிரிக்க முடியாதுடி."

கலக்கியதில் அமிலம் விடாத பாதி மிஞ்சியது. மிச்சத்தைத் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிடுவதுதான் பள்ளிக்கூடத்து வழக்கம். டீச்சருக்கு அது ஆகாது.

"சாக்கடையில விட்டா தாராவி வழியாத்தானே போறது? அங்கே மனுஷா இல்லையா? கல்லாக்கித்தான் அப்புறப்படுத்தணும்" என்று ஒரு டால்டா டப்பாவில் ஊற்றி மூடினாள். "அமிலத்தை நான் வந்து விடறேன். யாரும் தொடப்படாது."

தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பியிருந்தாள். போய்த் திரும்பினால் டப்பா இல்லை.

"வீட்டுக்குப் போறப்ப ஆயா எடுத்துட்டுப் போயிட்டாங்க டீச்சர்" என்றாள் தங்கமயில், தாராவியிலிருந்து வரும் மாணவி. "பினாயில் வாடை அடிக்கு, மகளுக்குச் சிரங்கு கழுவலாம்னாங்க. நான் கூப்பிடுறதுக்குள்ள..."

ஆயா முருகம்மாளின் குழந்தைக்குத் தலையெல்லாம் புண். ஆஸ்பத்திரி வாடை அடித்தால் மருந்து என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அந்தத் தலையில் பினால் பட்டால் தோல் வெந்துவிடும். தொட்டியில் கொட்டியிருந்தாலாவது இது நடந்திருக்காது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"டீச்சர், நான் அந்த டப்பாவுல..."

"வாயை மூடிண்டு வழியைக் காட்டுடி!"

ஓடினார்கள். ரயில் பாலத்துப் படியில் டீச்சரின் செருப்பு அறுந்தது, உதறிவிட்டு ஓடினாள். தாராவிச் சந்தில் தண்ணீர் வரும் நேரம், குடங்களும் கூட்டமும் வழியை அடைத்திருந்தன. "ஹட்டோ, ஹட்டோ!" என்று வழிவிடச் சொல்லித் தங்கமயில் கத்தினாள். உள்ளே எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது.

அந்தக் குழந்தைதான். முருகம்மாள் வாசலில் அதை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு, அதன் தலைக்கு மேல் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் பாய்ந்து பிடுங்கினாள். "பட்டுதா? குழந்தைமேல பட்டுதா?"

"எங்கன பட? எடுக்கையில கூழு மாதிரி இருந்துச்சு, இப்பம் கல்லாப் போச்சு. ஒரு சொட்டு விழமாட்டேங்கு. கழுவப் போறோம்னு தெரிஞ்சே இந்தச் சவம் இப்படி அழுவுது."

டப்பாவுக்குள் இளஞ்சிவப்பாக இறுகிக் கிடந்தது. டீச்சர் தங்கமயில் பக்கம் திரும்பினாள்.

"அமிலம் விட்டியா? தொடப்படாதுன்னு சொன்னேனே!" கை தானாக ஓங்கியது.

தங்கமயில் கன்னத்தை மறைத்துக்கொண்டாள். "நீங்க வர்றதுக்குள்ள யாராச்சும் தொட்டியில கொட்டிட்டா என்ன செய்ய டீச்சர்? அந்தச் சாக்கடை எங்க வீட்டு வாசல்லதான் போவுது."

ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் டீச்சர் நின்றாள்.