இடமிருந்து மூன்றாமவர்

இருபத்து நான்கு பக்கப் புத்தகத்தை நடுவில் பின் அடித்துக் கட்டுவதாக இருந்தால், எட்டாம் பக்கமும் பதினேழாம் பக்கமும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகும். ஒன்றுக்கு ஜோடி இருபத்து நான்கு, இரண்டுக்கு ஜோடி இருபத்து மூன்று. எந்த ஜோடியைக் கூட்டினாலும் இருபத்தைந்துதான் வரவேண்டும். வராவிட்டால் எங்கோ தப்பு. அச்சகத்துக்குப் போனதும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். அன்று காலை பதினோரு மணிக்கு எல்லா ஜோடியும் சரியாக வந்தது.

"ஓட்டலாமா?" என்றார் மெஷின்காரர்.

"ஓட்டுங்கண்ணே."

எங்கள் குடியிருப்பே நீரேற்று நிலையத்தில் வேலை பார்த்தவர்களால் உண்டானது. அதன் கதையைச் சிறு புத்தகமாகப் போட்டே தீரவேண்டும் என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஒற்றைக்காலில் நின்றார். அவர் என் அம்மாவின் தம்பி. அதனால் பக்கங்களை வடிவமைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அன்று மாலை ஐந்து மணிக்கு வெளியீடு.

நூறு தாள் ஓடியிருக்கும். மெஷின்காரர் நடுவில் ஒன்றை உருவி, மையின் அளவைப் பார்க்க உருப்பெருக்கியை வைத்துக் குனிந்தார். சிரித்தார்.

"இந்தப் படத்துல பதினோரு பேருக்கும் ஒரே தையல்காரனா? பாக்கெட்டைக் கொண்டுபோய் வலது பக்கம் வெச்சிருக்கானே. பேனா எடுக்கறதுக்குள்ள கை சுளுக்கிக்கும்."

நானும் சிரித்தேன். பாதியில் நின்றுவிட்டது. ஆண்கள் சட்டையில் பாக்கெட் இடது மார்பில் இருக்கும். பதினோரு பேருக்கும் வலது பக்கம் இருக்கிறது என்றால் தப்பு தையல்காரனுடையது அல்ல.

நடந்தது இதுதான். பம்ப் அறை வாசலில் தொழிலாளர்கள் வரிசையாக நிற்கும் பழைய படம் அது. எல்லோரும் சற்றே இடது பக்கம் பார்க்கிறார்கள். எட்டாம் பக்கம் இடது கைப் பக்கம். அதில் இடது பக்கம் பார்க்கிறவர்கள் புத்தகத்துக்கு வெளியே பார்ப்பது போலிருக்கும். முகங்கள் மடிப்பை நோக்கித் திரும்பியிருந்தால் வாசிப்பவரின் கண்ணும் உள்ளேயே தங்கும் என்பது எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். முதல் நாளே ஒரு சொடுக்கில் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிட்டேன், மறந்தும் போனேன். பிறகு படத்தின் முதுகில் பென்சிலால் எழுதியிருந்த பெயர்களை 'இடமிருந்து வலமாக' என்று போட்டு அப்படியே தட்டச்சு செய்தேன். பதினோரு பேரில் நடுவில் நிற்கும் ஆறாமவர் ஒருவருக்குத்தான் சொந்தப் பெயர். மற்ற பத்துப் பேரும் இன்னொருவர் பெயரில் நிற்கிறார்கள்.

மூன்றாவது பெயர், எங்கள் குடியிருப்பில் தையல் கடை வைத்திருக்கும் டெய்லர் அக்காவின் அப்பாவுடையது.

நிலையத்துக் கிணற்றைச் சுத்தம் செய்ய இறங்கியவர் திரும்பி வரவில்லை. அப்போது அக்கா பிறந்திருக்கவில்லை. வீட்டில் அவர் படம் ஒன்றுகூடக் கிடையாது. அவள் அம்மாவும் போய்ப் பல வருடமாகிறது. போன வாரம் நான்தான், பெரிய நல்ல காரியம் செய்வதாக நினைத்து, எட்டாம் பக்கத்தின் புரூஃபைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா அந்த ஒரு முகத்தை மட்டும் வெட்டிச் சட்டம் போட்டு, தையல் மெஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறாள். "காதைப் பாருடி, என் சின்னவனுக்கு இதே காது" என்றாள். நாள் முழுக்கச் சட்டை தைக்கிறவள், அன்று சட்டையைப் பார்க்கவில்லை.

அவள் மாட்டியிருப்பது ஒன்பதாமவரை. பட்டியல்படி அவர் காவல்காரர்.

மாமாவுக்குப் போன் செய்தேன்.

"மாமா, எட்டாம் பக்கப் படம் திரும்பிப் போச்சு."

"தலை மேல இருக்கா?"

"இருக்கு."

"கால் கீழ இருக்கா?"

"மாமா, விளையாடாதீங்க."

"அப்புறம் என்னடி திரும்பிப் போச்சு?"

விளக்கினேன். மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "இதை வேற யாருக்குச் சொன்ன?"

"யாருக்கும் இல்ல."

"அப்ப விட்டுடு. அவ அப்பாவைப் பாத்தவங்க ஒருத்தரும் இப்ப உயிரோட இல்ல. இவ்வளவு வருஷம் கழிச்சு அவளுக்கு ஒரு முகம் கெடச்சிருக்கு. அதைப் போய்ப் பிடுங்குவியா?"

"முதல் பிரதியை அவங்க கையிலதானே குடுக்கறோம்?"

"அதுக்குத்தான் சொல்றேன், விட்டுடுன்னு."

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் எண்காட்டி நூற்று எழுபதைத் தாண்டியது. ஒவ்வொரு தட்டலுக்கும் காவல்காரர் இன்னொரு முறை அக்காவுக்கு அப்பாவானார். மாமா சொன்னதில் தப்பு எங்கே என்று தேடினேன், சட்டென்று அகப்படவில்லை. யாருக்கும் தெரியாது என்பது உண்மைதான். எனக்குத் தெரியும். இனி அவள் கடைக்குத் துணி கொடுக்கப் போகும் ஒவ்வொரு தடவையும் தெரிந்திருக்கும்.

"அண்ணே, நிறுத்துங்க."

"செயலாளர் சொன்னாரா?"

"இல்ல, நான் சொல்றேன்."

"சரி, திட்டு விழுந்தா உனக்குத்தான். நான் செவிடு" என்று சொல்லி நிறுத்தினார்.

ஒரு பக்கத்தை மாற்றினாலும் அந்தத் தாளின் அச்சுத் தகடான பிளேட் முழுவதையும் புதிதாக எடுக்கவேண்டும். அதற்கு ஒரு மணி நேரம். அச்சான பக்கத்தில் மை காய்ந்த பிறகுதான் தாளைப் புரட்டி மறுபக்கம் ஓட்ட முடியும். அவசரப்பட்டால் பக்கத்துக்குப் பக்கம் மை ஒட்டும். அப்புறம் மடித்து, பின் அடித்து, ஓரம் வெட்டவேண்டும். போட வேண்டிய அறுநூறு பிரதிக்கும் வழியே இல்லை. ஐந்து மணிக்குள் ஐம்பது வரலாம். படத்தைப் பழையபடி திருப்பினேன். பதினோரு பேரும் புத்தகத்துக்கு வெளியே பார்த்தார்கள். பார்க்கட்டும்.

புதுத் தாள் ஒன்றையும் மூலப் படத்தையும் எடுத்துக்கொண்டு இரண்டு மணிக்கு அக்காவின் கடைக்குப் போனேன். வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி வர? புத்தகம் வரலையா?"

"வரும்க்கா. கொஞ்சம் மெஷினை நிறுத்துங்க."

சொல்லிவிட்டேன். திருப்பியதை, மறந்ததை, பெயர்கள் மாறியதை. பாக்கெட்டைக் காட்டினேன். அக்கா மூலப் படத்தில் ஒவ்வொரு பாக்கெட்டாக விரலால் தொட்டுக்கொண்டே போனாள். படத்தைப் புரட்டி, பென்சில் எழுத்தில் மூன்றாவது பெயரைக் கண்டுபிடித்தாள். மறுபடி புரட்டி எண்ணினாள். இன்னொரு முறை எண்ணினாள்.

மூன்றாமவர் ஒல்லியான ஆள். வெயிலில் கண் கூசி, முகம் சுருங்கியிருந்தது.

"காது ஒத்துப் போகலையே."

"இல்லக்கா."

"அப்ப ஒரு வாரமா ஊரார் வீட்டு அப்பாகிட்டயா பேசிட்டிருந்தேன்?"

அக்கா மூலப் படத்தை மெஷின் பலகைமேல் வைத்தாள்.

"எவ்வளவு சொல்லியிருப்பேன் தெரியுமா அந்த மனுஷன்கிட்ட? எங்கம்மா பட்ட பாடு எல்லாம்." குரல் ஏறியது. "நீ குடுக்காமலே இருந்திருக்கலாம்டி. புத்தகத்துல நேராப் பாத்துட்டுப் போயிருப்பேன்."

"ஆமாக்கா."

"ஆமாவாம்."

ஊசிக்கு அடியில் பாதி தைத்த துணி அப்படியே கிடந்தது. அக்கா அதை எடுக்கவும் இல்லை, தைக்கவும் இல்லை. "இதுவும் மாறிப்போகாதே? கேட்டுட்டேன், கோச்சுக்காத" என்றாள்.

"மாறாதுக்கா. நீங்களே எண்ணிட்டீங்க."

"எண்ணிட்டேன்." சுவரில் இருந்த சட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள். கழற்றவில்லை. "அவர் பாவம், என்ன செஞ்சாரு. அவர் வீட்டாளுங்க யாராவது இருக்காங்களான்னு உங்க மாமாகிட்ட விசாரிக்கச் சொல்லு."

"சொல்றேன். சாயங்காலம் வருவீங்கல்ல?"

"வரேன். வாங்கிக்கறேன். ஆனா மைக்கைக் குடுத்து அப்பாவைப் பத்திப் பேசச் சொல்லாதீங்க." புதுத் தாளை மடியில் விரித்து, மூன்றாமவரின் மேல் கண்ணை வைத்துக்கொண்டே சொன்னாள். "இவரோட இன்னும் பழகல."